கிளடிஸின் காரில் மதியச் சாப்பாடு

ஸ்காபரோவில் அந்தக் கேக் பக்டரி நின்ற இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள் கட்டிவிட்டார்கள். போன மாதம் கண் டொக்டரிடம் காட்டுவதற்காகத் தம்பி ஸ்ரௌவ்வில்லில் இருந்து என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனபோது அந்தப் பக்கத்தால் போக நேர்ந்தது.

"இதிலைதான் கிளடிஸ் கார் விடுறவள்" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

பின்சீற்றில் இருந்த தம்பியின் மகள் தனுஷிகா காதுக்குள் இருந்ததைக் கழற்றிவிட்டு, "ஹூ இஸ் கிளடிஸ், மாமி?" என்றாள்.

"என்ரை சிநேகிதி. ஜமேக்கா."

அதற்குள் சிக்னல் மாறி, கார் நகர்ந்துவிட்டது. அவள் மறுபடி பாட்டுக்குள் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று முழுக்க வேறு எதிலும் மனம் நிற்கவில்லை.

என் பெயர் மக்டலீன். யாழ்ப்பாணத்துப் பாஷையூர்ப் பிள்ளை. தொண்ணூற்றிரண்டின் கடைசியில் கனடாவுக்கு வந்து, அடுத்த வருடம் பனி கரைந்த கையோடு அந்தப் பக்டரியில் சேர்ந்தேன். பெரிய கடைகளுக்குப் பிறந்தநாள் கேக் செய்து அனுப்பும் இடம் அது. பெல்ற்றில் கேக் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் வலைத்தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஐசிங்கைச் சரிபார்த்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். என் பக்கத்தில் நின்றவர் தவமணியக்கா.

தவமணியக்கா நெல்லியடிப் பக்கம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் சனம் முட்டி மோதிய காலத்தில் கடை வாசலில் நின்று, "லைனிலை நில்லுங்கோ!" என்று ஒரு சத்தம் போடுவாராம். ஒழுங்கையால் சும்மா போகிறவர்களும் நின்றுவிடுவார்களாம். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய கணவர் செல்வரட்ணம் அண்ணை. "அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நான் உவவைக் கலியாணம் கட்டினனான்" என்பார். தவமணியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அந்தக் குரலை நானும் கேட்டிருக்கிறேன். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வீதியின் மறுபக்கத்தில் இருந்து, "மக்டலீன், பஸ் வருது, ஓடிவா பிள்ளை!" என்று கூப்பிடுவார். பஸ்ஸுக்குள்ளும் கதைதான். பக்டரிக் கதவு நெருங்க நெருங்கக் குரல் இறங்கிக்கொண்டே போகும். உள்ளே போய்த் தொப்பி போட்டால் அவரிடமிருந்து "யெஸ்", "சொறி" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் வராது.

எங்கள் லைனுக்குப் பொறுப்பாக இருந்தவள் டொரீன் என்ற வெள்ளைக்காரி. அவளைப் பேய் பிசாசு என்று சொல்ல வரவில்லை. லொக்கர் கதவில் பூனைக்குட்டிப் படங்கள் ஒட்டி வைத்திருந்தாள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் உடைந்த கேக் ஒன்றை வெட்டிப் பங்கு கொடுப்பாள். எங்களுக்கு மட்டும் அவளிடம் பெயர் இருக்கவில்லை. நானும் மேரி, தவமணியக்காவும் மேரி. எங்கள் பெயர்கள் அவள் வாயில் நிற்காதாம். கழிப்பறைக்குப் போவதென்றால் அவளிடம் கேட்க வேண்டும். கேட்டால் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பாள், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "மறுபடியுமா? உங்கள் நாட்டில் பற்றைக்குள் போவீர்கள், இங்கே தண்ணி வரும் கழிப்பறையைக் கண்டதும் வெளியே வர மனமில்லை" என்பாள். பெல்ற்றின் மறுபக்கம் சிரிப்பு எழும்.

அவளுடைய கூட்டத்தில் ஒருத்தி எங்களைக் கடக்கும்போதெல்லாம் வாய்க்குள் ஒரு சொல் சொல்லுவாள். பாக்கி. தவமணியக்காவுக்கு முதலில் அது விளங்கவே இல்லை.

"என்ன பாக்கி எண்டு கேக்கிறாள்? நான் உவளுக்கு என்ன பாக்கி வைச்சனான்?" என்று பஸ்ஸில் என்னிடம் கேட்டார்.

இருவரும் அன்று வயிறு நோகச் சிரித்தோம். பாகிஸ்தான்காரரைக் குறித்து ஏசும் சொல் அது, எங்கள் நிறத்தில் உள்ள எல்லோருக்கும் அதைத்தான் எறிகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பின் தவமணியக்கா அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

நான் சேர்ந்து சில மாதங்களில் அந்தச் சாப்பாட்டு அறைச் சம்பவம் நடந்தது. தவமணியக்கா பிட்டும் மீன்குழம்பும் கொண்டு வந்திருந்தார். சூடாக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். டொரீனின் மேசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அது வழக்கம்தான். அன்று டொரீன் எழுந்து போனாள். கழிப்பறையில் வைத்திருக்கும் வாசனை ஸ்பிரேயை எடுத்துவந்து, தவமணியக்காவின் தலைக்கு மேலே பிடித்து நீளமாக அடித்தாள். மூடுபனி மாதிரி அது மெல்ல இறங்கிப் பிட்டின் மேல் படிந்தது. அறை முழுக்கச் செயற்கை எலுமிச்சை மணம்.

"இப்போது மூச்சு விடலாம்" என்றாள் டொரீன்.

தவமணியக்கா சாப்பாட்டைப் பார்த்தார். பிறகு மூடியைப் போட்டு அழுத்தி, எழுந்துபோய்ப் பாத்திரத்தோடு அப்படியே குப்பைத் தொட்டிக்குள் வைத்தார். எறியவில்லை. பத்திரமாக வைத்தார்.

அடுத்த நாளில் இருந்து பாணில் பட்டர் பூசிக் கொண்டுவந்தார். பிறகு அதுவும் இல்லை. கழிப்பறைக்குக் கேட்க வேண்டி வருமென்று காலையில் இருந்தே தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டார். வீட்டில் தாளிதம் இல்லை, பொரியல் இல்லை. குளிர்கால உடுப்புகளைப் பிளாஸ்ரிக் பைக்குள் கட்டி பல்கனியில் தொங்கவிட்டார். வேலைக்கு வருமுன் குளித்து, பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு தன் கோட்டின் கையை முகர்ந்து பார்ப்பார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. என்னிலை மணக்குதோ?"

"ஒண்டும் மணக்கேல்லை அக்கா."

"நீயும் அதே சாப்பாடு சாப்பிடுறனி. உனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அவருடைய கோட்டின் கையை இழுத்து மறுபடி முகர்ந்து பார்த்தேன்.

தலையிடி தொடங்கியது. பிறகு நெஞ்சு படபடப்பு. சலக்கடுப்பு வந்து, சிறுநீர் எரிந்து, காய்ச்சலில் கிடந்தபோது செல்வரட்ணம் அண்ணை அவரை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த டொக்டர் பிரஷரை அளந்து பார்த்துவிட்டு, எங்கே வேலை, என்ன வேலை என்று ஒன்றும் கேட்காமல், "உங்கள் ஆட்கள் உப்பையும் தேங்காயையும் அள்ளிச் சாப்பிடுகிறீர்கள். அதுதான் காரணம்" என்று சொல்லிக் குளிசை எழுதிக் கொடுத்தாராம்.

தவமணியக்கா அதை அப்படியே நம்பினார். பக்டரியிலும் சாப்பாடு பிழை, டொக்டரிடமும் சாப்பாடு பிழை. வீட்டில் உப்பில்லாமல் சமைத்தார். செல்வரட்ணம் அண்ணை ஒரு குறையும் சொல்லாமல் அதைத் தின்றார். பிரஷர் இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் கிளடிஸ் எங்கள் பக்கம் வந்தாள்.

கிளடிஸ் பக்கத்து லைனில் அப்பிள் பை சுடுகிற பகுதியில் நின்றவள். எங்களுக்குப் பல வருடம் முந்தி வேலைக்குச் சேர்ந்தவள். அகன்ற உடம்பு, முன்பல்லில் ஒன்று தங்கம், இயந்திரச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும் சிரிப்பு. அவளைச் சாப்பாட்டு அறையில் கண்டதே இல்லை. ஒரு மத்தியானம், நாங்கள் இருவரும் லொக்கருக்குப் பக்கத்தில் சும்மா நின்றபோது, எங்கள் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நீங்கள் இருவரும் நின்றுகொண்டே பட்டினி கிடக்கிறீர்கள். வாருங்கள் என் காருக்கு" என்றாள்.

அவளுடைய ஆங்கிலம் எங்களுக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். எங்களுடையது அவளுக்கு இன்னும் குறைவு. ஆனால் அன்று ஒரு சொல்லும் தப்பவில்லை.

பெரிய, பழுப்பு நிறக் கார். தரிப்பிடத்தின் கடைசி மூலையில், வேலியோரம் நிற்கும். பின்சீற்றின் பஞ்சு வெளியே தெரியும். அதன் மேல் பூப்போட்ட மேசைவிரிப்பு ஒன்றைப் போட்டிருந்தாள். ஹீற்றரைப் போட்டால் கொஞ்ச நேரம் இருமிவிட்டுத்தான் சூடு வரும். முன்னால் கிளடிஸும் தவமணியக்காவும், பின்னால் நான். அவள் தன் பாத்திரத்தைத் திறந்தாள். சோறும் சிவத்த அவரைக்கொட்டையும். தவமணியக்கா முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மக்டலீன், இது தேங்காய்ப்பாலிலை அவிச்ச சோறு!"

அவர் குரல் காருக்குள் அவ்வளவு பெரிதாகக் கேட்டதில் மூவருமே திடுக்கிட்டோம்.

மறுநாள் தவமணியக்கா வெகுநாளைக்குப் பிறகு கறி கொண்டு வந்தார். அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் மத்தியானம் அந்தக் காருக்குள்தான். கத்தரிக்காய்ப் பால்கறிக்கு கிளடிஸ் விரல் சூப்புவாள். இடியப்பத்தைக் கண்டு, இதை யார் இருந்து தைத்தது என்று கேட்டாள். ஒரு நாள் அவள் சுட்டுத் தோல் சீவிக் கொண்டுவந்த துண்டுகளை வாயில் வைத்ததும் தவமணியக்கா, "ஈரப்பலாக்காய்!" என்று கத்தினார். நாங்கள் அதைக் கறிவைப்போம், பொரிப்போம், அவர்கள் நெருப்பில் சுடுவார்கள். எது ருசி என்று வந்த சண்டையில் மணி அடித்தது கேட்காமல் மூவரும் பிந்தி ஓடினோம்.

சாப்பாட்டு மணம் கண்ணாடிகளில் ஆவியாகப் படியும். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு உள்ளே யார் என்று தெரியாது. அதுதான் எங்களுக்கு வேண்டியது. கிளடிஸ் கசற் ஒன்றைப் போட்டுத் தோளை மட்டும் ஆட்டி ஆடுவாள். தவமணியக்கா சங்கக்கடைக் கதை சொல்லுவார்: கூப்பன் இல்லாமல் சீனி கேட்டு வந்த வாத்தியார், மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்குள் செருப்பை விழுத்திய மனுசி. அவருக்குச் சொல் முட்டும்போது நான் எடுத்துக் கொடுப்பேன். எனக்கும் முட்டினால் தவமணியக்கா அந்த மனுசி மாதிரியே நடித்துக் காட்டுவார். கிளடிஸ் ஸ்ரியரிங்கில் அடித்து அடித்துச் சிரிப்பாள். சில வேளை ஹோர்ன் அமுங்கிவிடும்.

இன்றைக்கு எனக்கு நல்ல வீடு இருக்கிறது, நல்ல சமையலறை இருக்கிறது. ஆனால் சாப்பிட்ட சாப்பாடுகளில் நினைவில் நிற்பது எது என்றால், முழங்காலில் பாத்திரத்தை வைத்து, கோட்டோடு, அந்தப் பஞ்சு போன சீற்றில் இருந்து சாப்பிட்டதுதான்.

ஒரு நாள் தவமணியக்கா தன் பிரஷரைப் பற்றிச் சொன்னார். கிளடிஸ் கைப்பையைத் திறந்து ஒரு குளிசைப் போத்தலைக் குலுக்கிக் காட்டினாள்.

"என் டொக்டர் இது என் இரத்தத்தில் இருக்கிறது என்கிறார். என் தாயிடம் இருந்து வந்ததாம். என் தாய் எண்பது வயதிலும் மலை ஏறிச் சந்தைக்குப் போகிறாள்." கையால் பக்டரிக் கட்டடத்தைக் காட்டினாள். "இது அங்கே இருந்து வருகிறது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தபடியால் நாங்களும் சிரித்தோம்.

காருக்குள் இருக்கும் நேரம் போக மிச்ச நேரம் லைனில்தானே நிற்க வேண்டும். மாசி மாதம், காதலர் தினத்துக்கு ஓடர் குவிந்திருந்த ஒரு காலை. தவமணியக்கா கழிப்பறைக்குக் கேட்டார். டொரீன் முடியாது என்றாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். டொரீன் அவருக்கு முன்னால் வந்து நின்று, அவர் ஆங்கிலம் பேசுகிற மாதிரியே தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். தவமணியக்கா குனிந்துகொண்டார். குனிந்தவரின் மூக்கில் இருந்து இரத்தம் கொட்டி, வெள்ளை ஐசிங் பூசிய கேக்கின் மேல் விழுந்தது. பெல்ற் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த கேக்கிலும் விழுந்தது.

"லைனை நிறுத்துங்கள்!" என்று டொரீன் கத்தினாள். "ஒருவரும் கிட்டப் போகாதீர்கள். இவர்களுக்கு என்னென்ன நோய் இருக்கிறதோ!"

குப்பை வாளியைக் காலால் தள்ளித் தவமணியக்காவுக்கு முன்னால் விட்டாள். அதற்குள் இரத்தத்தை விழவிடும்படி கை காட்டினாள். நான் அவரைத் தாங்கிப் பிடித்தேன். பக்கத்து லைனில் இருந்து கிளடிஸ் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே வந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏப்ரனை மடித்துத் தவமணியக்காவின் மூக்கில் வைத்து அழுத்தி, தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். நானும் போனேன். வேலை போனாலும் போகட்டும் என்று அப்போது நினைத்த மாதிரி ஞாபகமில்லை, ஒன்றையும் நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பகுதியில் பிரஷரைப் பார்த்தவர்கள் பரபரப்பானார்கள். ஊசி போட்டு, கட்டிலில் கிடத்தினார்கள். ஒரு தாதி என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்டில் கணவர் அடிக்கிறவரா?" என்று மெதுவாகக் கேட்டாள். தவமணியக்காவுக்கு அது காதில் விழுந்துவிட்டது.

"ஆர், அந்த மனுசனோ?" என்று படுத்துக்கொண்டே சொன்னார். "உப்பில்லாத கறியையே ஒண்டும் சொல்லாமல் தின்னுறவர்."

வேலையில் என்ன நடந்தது என்று அங்கும் யாரும் கேட்கவில்லை.

கேட்டது டொக்டர் எமில்டாதான். அந்த வருடம்தான் எங்கள் பக்கத்துப் பிளாசாவில் கிளினிக் திறந்திருந்தார், யாழ்ப்பாணத்துக்காரி. அடுத்த நாள் நான் தவமணியக்காவை அங்கே கூட்டிப் போனேன். அவர் அளந்து பார்த்துவிட்டுப் பேனையை வைத்தார்.

"அக்கா, வேலையிலை உங்களோடை எப்பிடி நடக்கினம்?"

தவமணியக்கா என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு, "நான் மணக்கிறனாம் டொக்டர்" என்றார்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. மேரி, பற்றை, ஸ்பிரே, பாக்கி, குப்பை வாளி. எனக்குத் தெரியாத சிலவும் வந்தன. லொக்கருக்குள் அவருடைய சப்பாத்தில் யாரோ சோப்புக்கட்டி வைத்திருந்தார்களாம். செல்வரட்ணம் அண்ணைக்குக்கூட இதில் ஒன்றும் தெரியாது. அவ்வளவையும் சொல்லி, சேலைத் தலைப்பு இல்லாதபடியால் கோட்டின் கையால் முகத்தைத் துடைத்தார். டொக்டர் எமில்டாவின் கண்ணும் கலங்கியிருந்தது. எழுந்து ஜன்னல் மறைப்பைச் சரிசெய்கிற மாதிரி நின்றுவிட்டு வந்தார்.

"அக்கா, உங்கடை சாப்பாட்டிலை பிழை இல்லை. ஒவ்வொரு நாளும் அடி விழப்போகுது எண்டு உடம்பு பயந்துகொண்டு நிக்குது. இதைத்தான் ஸ்ரெஸ் எண்டு சொல்லுறது."

"ஸ்ரெஸ் எண்டால் வெள்ளைக்காரருக்கு வாற வருத்தம் எண்டெல்லோ நான் நினைச்சன்!" என்றார் தவமணியக்கா. அழுகைக்கு நடுவில் மூவரும் சிரித்துவிட்டோம்.

இரண்டு கிழமை வீட்டில் இருக்கச் சொன்னார் டொக்டர். அந்த இரண்டு கிழமையும் தவமணியக்கா உப்புப் போட்டுச் சமைத்தார், தாளித்தார், தண்ணீர் குடித்தார், பகலில் நித்திரை கொண்டார். திரும்ப அளந்தபோது பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது.

"குளிசையைத் தொடர்ந்து போடுங்கோ. ஆனால் குளிசையாலை அந்த இடத்தை மாத்த ஏலாது" என்றார் டொக்டர்.

"அப்ப நான்தான் மாத்தவேணும்" என்றார் தவமணியக்கா.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள். மத்தியான மணி அடித்ததும் நான் வழக்கம்போலக் காருக்குப் போகத் திரும்பினேன். "இண்டைக்குக் கார் வேண்டாம்" என்றார். சாப்பாட்டு அறைக்குள் போய், பாத்திரத்தைச் சூடாக்கி, நடுமேசையில் வைத்து உட்கார்ந்தார். நான் ஒரு பக்கம். விஷயத்தைக் கேள்விப்பட்டுக் கிளடிஸ் வந்து மறுபக்கம் இருந்தாள். பிட்டும் மீன்குழம்பும்தான்.

டொரீன் எழுந்தாள். ஸ்பிரேயோடு வந்தாள். அவள் கை உயர்ந்தபோது தவமணியக்கா எழுந்து நின்றார்.

"புட் இற் டவுண்."

ஆங்கிலத்தில் மூன்று சொல். ஆனால் அது நெல்லியடிச் சங்கக்கடை வாசலில் நின்ற குரல். டொரீனின் முகம் சிவந்தது. என்ன செய்வதென்று தெரியாதவள் போல அவள் தன் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்த எவரும் அவளைப் பார்க்கவில்லை. ஸ்பிரேயைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

தவமணியக்கா இருந்து சாப்பிடத் தொடங்கினார். யாரும் கைதட்டவில்லை. கயானாக்காரப் பெண் ஒருத்தி மட்டும் தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் மேசையில் இருந்தாள்.

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். மனேஜர் எங்களைக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் மதிக்க வேண்டும் என்றார். டொரீன் அதற்குப் பிறகு ஸ்பிரேயைத் தொடவில்லை; எங்கள் பெயரையும் சொல்லவில்லை, மேரி என்றும் கூப்பிடவில்லை, விரலால் காட்டினாள். கோடையில் ஓடர் குறைவு என்று ஆட்களைக் குறைத்தபோது முதலில் போனது தவமணியக்காவின் வேலை. கிளடிஸைப் பின்னேர ஷிஃப்ற்றுக்கு மாற்றினார்கள். மத்தியானத்தில் வேலியோர மூலை வெறுமையாகக் கிடந்தது. நான் அந்த வருடக் குளிர் தொடங்குமுன் வேறு இடம் பார்த்துக்கொண்டு விலகினேன்.

தவமணியக்கா பிளாசாவில் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் முன்பக்கத்தையும் அவர்தான் நடத்தினார். சனிக்கிழமைகளில் கொத்துரொட்டிக்கு நெரிசல் வந்தால் அந்தச் சத்தம் பிளாசா வாசல்வரை கேட்கும். பிரஷர் குறைந்தது, ஆனால் போகவில்லை. குளிசையை விட முடியவில்லை. வந்தது வந்ததுதான் என்று டொக்டர் எமில்டா சொல்லிவிட்டார். இன்னொன்றும் மாறவில்லை: பஸ்ஸில் வெள்ளைக்காரர் யாராவது பக்கத்தில் வந்து இருந்தால் தவமணியக்கா கோட்டை இழுத்து மூடிக்கொள்வார்.

தொண்ணூற்றேழில் ஒரு நாள் நான் தவமணியக்கா வீட்டில் நின்றபோது கிளடிஸின் மகள் அங்கே தொலைபேசியில் கூப்பிட்டாள். கிளடிஸ் வேலையில் நின்றபடியே விழுந்துவிட்டாளாம். பாரிசவாதம். வலக்கை, வலக்கால் இழுத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

தவமணியக்கா ரிசீவரை வைத்துவிட்டுத் தன் குளிசைப் போத்தலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "எல்லாரும் என்ரை பிரஷரைத்தான் அளந்தவை" என்றார். "அவள் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சவள். சிரிக்கிறவளை ஆர் அளக்கிறது?"

கிளடிஸ் ஆஸ்பத்திரியில் இருந்து ரெக்ஸ்டேலில் மகள் வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போகத் தொடங்கினோம். ஸ்காபரோவில் இருந்து ரெக்ஸ்டேல் என்றால் நகரத்தின் ஒரு கரையில் இருந்து மறுகரை. பஸ் மாறி மாறிப் போவோம். தவமணியக்கா சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டுவார். கிளடிஸின் வாயோரம் வழிவதைத் துடைத்துவிட்டு ஊர்க்கதை சொல்லுவார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது. முதலில் பெயர்கள். எங்கள் இருவர் பெயரையும் அவள் முழுதாகச் சொன்ன நாளில் தவமணியக்கா எழுந்து குளியலறைக்குள் போய்விட்டார்.

தொண்ணூற்றொன்பது வசந்தத்தில் கிளடிஸைத் தன்னோடு வைத்துக்கொள்வதாக ஜமேக்காவில் இருந்த தங்கை சொன்னாள். கிளடிஸ் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு கடைசியாகப் போனோம். கிளடிஸ் ஜன்னலோரக் கதிரையில் இருந்தாள். தலைமயிரை மகள் அழகாகப் பின்னி விட்டிருந்தாள். தவமணியக்கா அவள் முன்னால் முழங்காலை மடக்கி இருந்து, அந்த மரத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவினார்.

"அத்தனை வருடமும் உனக்குக் கோபமே வரவில்லையா, கிளடிஸ்?" என்று தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

கிளடிஸ் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

"ஒவ்வொரு நாளும் வந்தது."

"ஆனால் நீ சிரித்தாயே."

"சிரிக்காவிட்டால் முன்னமே விழுந்திருப்பேன்" என்றாள். கோணிய வாயோடு சிரித்தாள். "உங்கள் இருவரோடும் சிரித்தது வேறு. அது உண்மை."

தவமணியக்கா அந்தக் கையை விடவே இல்லை. பிறகு ஜமேக்காவில் தங்கையின் வீடு எப்படி, முற்றத்தில் என்ன மரம், கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிளடிஸ் மெல்ல மெல்லச் சொன்னாள். தாய் இன்னும் இருக்கிறாள், தன்னைக் கண்டதும் முதலில் ஏசுவாள் என்றாள். நாங்கள் போக எழுந்தபோது மகள் எங்களைக் கட்டிப்பிடித்தாள். கிளடிஸ் தன் இடக்கையை உயர்த்தி, போங்கள், போங்கள் என்று விரட்டுகிற மாதிரி ஆட்டினாள்.

அவள் அங்கே இன்னும் ஐந்தாறு வருடம் இருந்தாள். நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லப் போனில் கதைப்போம். ஒரு நத்தாருக்குத் தங்கைதான் எடுத்தாள்.

அந்தக் கடைசி ஞாயிறு திரும்பி வரும்போது நல்ல வெயில். ஃபிஞ்ச் பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். பனி போய்ப் புல் கிளம்பிய மணம் உள்ளே வந்தது. தவமணியக்கா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டைக் கழற்றி மடியில் போட்டுவிட்டு, என் தோளில் தலையைச் சாய்த்து, குழந்தை மாதிரி வாயைத் திறந்து நித்திரையாகிவிட்டார். பஸ் நிறையச் சனம். எங்கள் தரிப்பு வந்தது. மணிக் கயிற்றுக்குக் கையைக் கொண்டுபோனவள், அவர் மூச்சு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்துக் கையை இறக்கிவிட்டேன். அந்தப் பஸ் போகும் கடைசித் தரிப்புவரை போனோம். சாரதி எஞ்சினை நிறுத்தியதும் அவர் கண் விழித்து, "எங்கை பிள்ளை நிக்கிறம்?" என்று கேட்டார்.

"ஒரு இடமும் இல்லை அக்கா. சும்மா வந்தனாங்கள்" என்றேன்.

அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த வெறும் பஸ்ஸுக்குள் சத்தமாகச் சிரித்தார்.